தாய்மாமன் காருக்கு நாலு வீல் கப்

தமிழ்மணிக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் கார் வந்தது. மற்ற ஆம்பிளைகளுக்குச் சர்க்கரை வருகிற வயதில் என் வீட்டுக்காரருக்குக் கார் வந்திருக்கிறது என்று அவர் மனைவி அருள்மொழி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். சர்க்கரையும் வந்திருக்கிறது என்பதை மட்டும் அவள் சேர்த்துச் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் இருபத்தேழு வருஷம் அவர் ஓட்டியதெல்லாம் ஊரான் வண்டி. கடலூர் முதுநகரில் இரண்டு முதலாளிகளிடம் டிரைவராக இருந்தார். முகூர்த்த நாள் வந்தால் போதும், மாப்பிள்ளை அழைப்பு வண்டிக்கு அவரைத்தான் தேடுவார்கள். பூ ஜோடித்த காரை மேளக்காரர்களுக்குப் பின்னால் ஆமை வேகத்தில், குலுங்காமல், யார் காலிலும் ஏற்றாமல் உருட்டிக்கொண்டு போவதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை அவருக்கு இருந்தது. முந்நூறு மாப்பிள்ளைகளையாவது மண்டப வாசலில் கொண்டுபோய் இறக்கியிருப்பார். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்தது தனிக் கதை.

இப்போது வந்திருப்பது கிளட்சே இல்லாத கார். வெள்ளை எலெக்ட்ரிக் கார், நெய்வேலியில் ஒருவர் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு விற்றது. பட்டனை அழுத்தினால் சத்தம் கிடையாது. மிதித்தால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகிறது. முதல் நாள் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், அணைத்தோமா இல்லையா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்த்தார். முதுநகரிலிருந்து சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை ஏற்றிப்போய்க் கூட்டிவரத் தொடங்கினார். பச்சை போர்டில் மஞ்சள் எழுத்து, அதாவது வாடகை வண்டி. ஆனால் சொந்த வாடகை வண்டி. அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இருபத்தேழு வருஷம்!

ஒரே ஒரு குறை, சக்கரம். அந்தக் காரில் இருக்கிற மாடல்களிலேயே விலை குறைந்தது அது. அலாய் வீல் கிடையாது. இரும்பு ரிம்முக்கு மேல் அழகுக்குப் பிளாஸ்டிக் வீல் கப் மாட்டியிருப்பார்கள். பழைய சொந்தக்காரர் நாலையும் ஒவ்வொன்றாக வடலூர் சாலைக்குத் தானம் செய்திருந்தார். மிஞ்சியது கறுப்பு இரும்பும் நட்டைச் சுற்றித் துருவும். கடல் காற்று அடிக்கிற ஊரில் துருவுக்கு உரம் போட வேண்டியதில்லை, தானாக வளரும்.

இதெல்லாம் தமிழ்மணியின் கண்ணில் படவே இல்லை. காதலித்துக் கல்யாணம் செய்தவனுக்குப் பெண்டாட்டியின் தெற்றுப்பல் எப்போது தெரியும்? யாராவது சொன்னால்தான் தெரியும். சொன்னவர் கோவிந்தசாமி.

கோவிந்தசாமி அவருடைய அக்கா ஞானாம்பாளின் கணவர். சிதம்பரத்தில் வீடு. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கருவேப்பிலைக் கட்டைக்கூட ஆடிட் செய்துதான் வாங்குவார். காரைக் காட்ட அங்கே போன அன்றைக்கு, அக்கா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்து கண்ணீரும் சிரிப்புமாகச் சுற்றிப்போட்டாள். மாமா மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது மச்சான்," என்றார். "சக்கரந்தான் கரிச்சட்டி அடி மாதிரி இருக்கு."

தமிழ்மணி சிரித்து வைத்தார். குனிந்து பார்த்தார். அட, ஆமாம்!

அன்றைக்கு அந்த வீட்டில் வேறொரு சந்தோஷமும் இருந்தது. அக்கா மகன் கார்த்திகேசனுக்குப் பங்குனியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. பெண் வீடு திருச்சி. கல்யாணம் சிதம்பரத்தில். காப்பியைக் கையில் வாங்கியதுமே தமிழ்மணி வாயைத் திறந்தார்.

"மாமா, மாப்ள அழைப்புக்கு நம்ம வண்டிதான். என் மருமவன் இதுலதான் ஏறணும்."

கோவிந்தசாமி தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "பாண்டிச்சேரிலேர்ந்து தொறந்த காரு ஒண்ணு பேசலாம்னு இருந்தேன்."

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எதுக்கு மாமா பாண்டிச்சேரி?"

"இந்தச் சக்கரத்த வெச்சிக்கிட்டா? மொதல்ல அதச் சரி பண்ணு. அப்பறம் பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் நம் பக்கத்தில் முடியாது என்று அர்த்தம். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தமிழ்மணிக்கு மட்டும் அன்றைக்கு அது சரி என்று கேட்டது. தாய்மாமன் செய்கிற சீர் ஆயிரம் இருக்கிறது. பட்டும் மோதிரமும் மாலையும் கடையில் கிடைக்கும், பணம் இருந்தால் யாரும் வாங்கலாம். முந்நூறு ஊரான் பிள்ளைகளை ஊர்வலம் கூட்டிப்போன கை, சொந்த அக்கா பிள்ளையைக் கூட்டிப்போகவில்லை என்றால் அது என்ன கை? இதுதான் அவர் மனசில் ஓடியது. சக்கரம் சரியானால் கார்த்திகேசன் ஏறுவான். அவ்வளவுதானே? ஒரு செட் வீல் கப்! இதைவிடச் சுலபமான சீர் உலகத்தில் உண்டா?

சுலபம் என்று நினைத்தது கடைக்குள் நுழைகிற வரைக்கும்தான்.

முதுநகரில் மரிய ஜோசப் கார் அலங்காரச் சாமான்கள் கடை வைத்திருந்தார். சீட் கவர், மிதியடி, ஹாரன், டேஷ்போர்டில் ஒட்டுகிற மாதா சொரூபம், பிள்ளையார், மெக்கா படம், மூன்றும் ஒரே டப்பாவில். மேலே உத்தரத்திலிருந்து வீல் கப்புகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. தமிழ்மணி அண்ணாந்து பார்த்தார். நாலு நாள் அண்ணாந்து பார்த்தார். சாயங்காலம் சவாரி முடிந்ததும் நேராக அங்கேதான் போவார். குரோம் பூசினது ஒன்று, வெயிலில் பார்த்தால் கண் கூசியது. சிவப்புக் கோடு போட்டது ஒன்று, அது கல்லூரிப் பையன்களுக்கு. வேறேதோ பெரிய கம்பெனியின் முத்திரை நடுவில் பதித்தது ஒன்று.

"அது வேணாம் ஜோசப்பு. அடுத்தவன் பேர நெஞ்சுல குத்திக்கிட்ட மாதிரி இருக்கும்," என்று தமிழ்மணியே தள்ளிவிட்டார்.

மிஞ்சியது இரண்டு. ஒன்று தட்டு மாதிரி முழுசாக மூடியது. இன்னொன்று வெள்ளி நிறத்தில் ஏழு இதழ், இதழுக்கு நடுவில் இடைவெளி, காற்றாடி மாதிரி வளைந்து நின்றது.

"எலெக்ட்ரிக்குக்கு இந்த மூடுனதுதாண்ணே சரி," என்றார் ஜோசப். "காத்து வீலுக்குள்ள பூந்து கலங்காது. வழுக்கிட்டுப் போயிடும். சார்ஜ் கொஞ்சம் ஜாஸ்தி நிக்கும். பாக்கத்தான் சுமாரு."

தீர்ப்பு சொல்ல அருள்மொழியைக் கூட்டிவந்தார். அவள் தட்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். "இதென்னா, சோத்துக் குண்டான் மூடி மாதிரி?" என்றாள். இதழ் வைத்ததைக் காட்டியதும் அவள் முகமே மாறியது. "இது நல்லாருக்கு! இதப் போட்டா வண்டி நிக்கும்போதே ஓடற மாதிரி இருக்கும்."

தமிழ்மணிக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஆனாலும் ஓடும்போது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டாமா? இடது பக்கம் மூடியதையும் வலது பக்கம் இதழையும் மாட்டச் சொன்னார். காரை ஜோசப்பின் கையில் கொடுத்தார். தானும் மனைவியும் ரோட்டோரத்தில் நின்றுகொண்டார்கள். ஜோசப் கடைக்காரராகப் பிறந்த பாவத்துக்கு ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். போகும்போது ஒரு பக்கம் தெரிந்தது, வரும்போது மறுபக்கம் தெரிந்தது. இரண்டும் ஒரே வெள்ளி வட்டமாகத்தான் தெரிந்தன.

"ரெண்டும் ஒண்ணுதாங்க," என்றாள் அருள்மொழி.

ஜோசப் கண்ணாடியை இறக்கினார். "அப்ப எதுக்குண்ணே நாலு நாளா என் உசுர வாங்குன?"

தமிழ்மணி அசரவில்லை. "மாப்ள அழைப்புல வண்டி ஓடுமாடா? பத்தடி போவும், நிக்கும். பத்தடி போவும், நிக்கும். நிக்கும்போது எது அழகோ அதான் கணக்கு."

இதழ் வைத்ததையே மாட்டினார்கள். உள்ளங்கையால் டப் டப்பென்று தட்டி உட்கார வைத்து, கழன்று விழாமல் இருக்க ஒவ்வொன்றையும் இரண்டு பிளாஸ்டிக் டேக்கால் ரிம்மோடு இறுக்கிக் கட்டினார் ஜோசப். தமிழ்மணி நாலடி பின்னால் நடந்தார். இன்னும் நாலடி நடந்தார். பின்னால் வந்த ஆட்டோக்காரன் கத்திய பிறகுதான் நின்றார். கார் புதுசாகிவிட்டது! நேற்றுவரை ஆஸ்பத்திரி வண்டியாக இருந்தது இன்றைக்குக் கல்யாண வண்டியாக நின்றது. அவருக்கு அங்கேயே மேளச் சத்தம் கேட்டது.

வாங்குவது ஒரு பாடு என்றால் வைத்துக் காப்பாற்றுவது வேறு பாடு. மூன்றாம் நாள் சவாரியில் சவரியம்மாள் என்ற பாட்டியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். பெரியப்பட்டு தாண்டியதும் பாட்டி காதைத் தீட்டிக்கொண்டாள்.

"தம்பி, வண்டிக்குள்ள சில்வண்டு பூந்துருக்கு."

சில்வண்டு இல்லை, வீல் கப். ரிம்மோடு உரசி, கிரிச் கிரிச்சென்று ராகம் போட்டது. டீசல் வண்டியாக இருந்தால் அந்தச் சத்தம் பிறந்த இடம் தெரியாமல் செத்திருக்கும். இந்தக் காரிலோ ஊசி விழுந்தாலும் கேட்கிறது. தமிழ்மணி தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தார். எண்ணெயில் புழுதி ஒட்டியதுதான் லாபம். கடைசியில் ஜோசப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைத்துக் கட்டினார். ராகம் நின்றது.

நடைபாதையில் இடித்துக் கீறிவிடும் என்ற பயத்தில் தமிழ்மணி ஓரத்துக்கே போவதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சவாரிகள் நடு ரோட்டில் இறங்கித் தாண்டிக் குதித்துப் போனார்கள். வண்டியை நிறுத்தும்போது ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்து, இதழ்கள் வெளியே தெரியும்படி நிறுத்துவார். சார்ஜ் முன்பைவிட மூன்று கிலோமீட்டர் கூட வருகிறது என்று ஒரு நாள் அறிவித்தார். "ஏசி போடாம வந்தா வராதா?" என்று அருள்மொழி கேட்டதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. காலையில் ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துப் பழைய பல் துலக்கியால் ஒவ்வொரு இதழாகத் தேய்ப்பார்.

"என் மொகத்த ஒரு நாளாவது இப்பிடித் தொடைச்சி வுட்டுருக்கீங்களா?" என்பாள் அவள்.

"உன் மொகத்துக்கு எதுக்குடி ஷாம்பு?" என்பார். அவர் கொடுத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது.

தேய்த்து முடித்ததும் போட்டோ. ஒரு நாள் முன் சக்கரம், ஒரு நாள் பின் சக்கரம், ஒரு நாள் பிச்சாவரம் போகிற வழியில் தென்னை மரத்தடியில் நாலும் தெரிகிற மாதிரி. எல்லாம் மாமாவின் போனுக்குப் போயின. கோவிந்தசாமி ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் அனுப்பினார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது போன் செய்தார்.

"கப்பு நல்லாருக்கு மச்சான். பாண்டிச்சேரி காருக்கும் அட்வான்ஸ் குடுத்துட்டேன். எதுக்கும் இருக்கட்டும்."

தமிழ்மணிக்குச் சுருக்கென்றது. இவ்வளவு செய்தும் எதுக்கும் இருக்கட்டுமா? அன்றைக்கு ஷாம்பு இரண்டு பாக்கெட் செலவானது. "நேர்ல பாக்கட்டும். பாத்த ஒடனே அந்த வண்டியத் திருப்பி அனுப்பறாரா இல்லியா பாரு," என்று மனைவியிடம் சொன்னார். சொன்னது மனைவியிடம், நம்ப வைக்கப் பார்த்தது தன்னையே.

மாப்பிள்ளை அழைப்பு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் சொந்த ஊர்க் குலதெய்வக் கோவிலில் திருநீறு வாங்கி வரச் சொல்லியிருந்தாள் அக்கா. அதை மாப்பிள்ளை நெற்றியில் பூசிய பிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும். தமிழ்மணி பட்டு வேட்டி கட்டிக்கொண்டார். அருள்மொழி பச்சைப் பட்டில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். கோவிலில் திருநீறு வாங்கிக்கொண்டு திரும்பும்போது மணி இரண்டரை. நேரம் கையில் வழிந்தது. ஏசி போட்டார். பாட்டுக்கூடப் பாடினார்.

ஊரைத் தாண்டிய வளைவில் ரோட்டை அடைத்து உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள்.

சம்பா அறுத்த வயலின் ஈரத்திலேயே உளுந்து விதைத்து, பங்குனியில் பிடுங்கிக் காயவைத்து, ரோட்டில் பரப்பிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். போகிற வண்டிகள் ஏறிப் போனால் நெற்று உடைந்து மணி உதிரும். வெளியூர்க்காரன் ஓரமாக ஒதுங்கி, திட்டிக்கொண்டே போவான். அந்த மண்ணில் பிறந்தவன் ஒதுங்க மாட்டான். ஒதுங்கிப் போவது, இலை போட்டுக் கூப்பிட்ட வீட்டில் சாப்பிடாமல் எழுந்து போவது மாதிரி.

முண்டாசு கட்டிய ஒரு அம்மா கையில் கவைக்கோலோடு ஓடி வந்தாள். அவளே பட்டம்மாள் என்று பெயரும் சொல்லிக்கொண்டாள். பெயர் சொன்னால் உரிமை வந்துவிடும் அல்லவா?

"அண்ணே, காலையிலேர்ந்து வர்றவன்லாம் ஓரங்கட்டிக்கிட்டே போறானுங்க. நீங்களாவது ஒரு தபா ஏறிட்டுப் போங்கண்ணே."

"இதக் கேக்கணுமாம்மா?" என்றார் தமிழ்மணி.

மெதுவாக ஏற்றினார். அப்போதுதான் அது நடந்தது. கீழே படபடபடவென்று வெடித்தது. பொரி வறுக்கிற சத்தம்! நெற்றுகள் உடைகிற சத்தம். பிறந்ததிலிருந்து உளுந்தின் மேல் வண்டி ஏறுவதைப் பார்த்திருக்கிறார், இருபத்தேழு வருஷம் தானே ஏற்றியிருக்கிறார். இன்ஜின் இரைச்சலில் ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை. கண்ணாடியை இறக்கினார். ஒவ்வொரு நெற்றும் தனித்தனியாகக் கேட்டது.

"அருளு, கேளு கேளு!"

"அய்யய்யோ, கேக்குதுங்க!" என்று அவளும் கைகொட்டினாள்.

செடி முடிந்த இடத்தில் நின்றார். போயிருக்கலாம். போகவில்லை. ரிவர்ஸ் எடுத்தார். படபடபட. மறுபடி முன்னால். மறுபடி பின்னால். பட்டம்மாள் கவைக்கோலால் செடியைப் புரட்டிப் புரட்டிப் போட்டாள். "வலப்பக்கம் வாங்கண்ணே, அங்கதான் கெட்டியா கெடக்கு," என்று மேஸ்திரி வேலையும் பார்த்தாள். ஆறு தடவை ஏறினார், ஆறு தடவை இறங்கினார். அருள்மொழி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மணி மூணாவுதுங்க, நம்ம ஊட்டுக் கல்யாணம்," என்று நினைவுபடுத்தியதும்தான் கிளம்பினார்.

அரை கிலோமீட்டர் போயிருப்பார்கள். இடது முன்பக்கம் தடதடவென்று ஒரு சத்தம். அப்புறம் படார். அப்புறம் பின் சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது.

இறங்கிப் பார்த்தார். இதழ்களுக்கு நடுவில் உளுந்துக்கொடி புகுந்து, முன்னால் போகும்போது ஒரு பக்கமும் ரிவர்ஸில் மறுபக்கமும் முறுக்கி, டேக்கை அறுத்துக் கப்பைப் பிடுங்கி எறிந்திருந்தது. பின் சக்கரம் அதை மூன்று துண்டாக்கியிருந்தது. மற்ற மூன்றும் தலைக்கு வைத்த பூ மாதிரி கொடியைச் சுற்றிக்கொண்டு நின்றன.

ஜோசப்புக்குப் போன் போட்டார். குருத்தோலை ஞாயிறு, கடை இல்லை. பூசை முடிந்து வீட்டில் இருந்தார்.

"உளுந்து மேலயா? எத்தினி தபாண்ணே?"

"ஒரு ஆறு."

"ரிவர்ஸ் வேற எடுத்தியா?"

தமிழ்மணி உடைந்த துண்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"மூடுனத வாங்கு, மூடுனத வாங்குன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே! அந்த டிசைன் தீந்துபோச்சிண்ணே. ஒத்தக் கப்பு எங்கயும் கெடைக்காது."

சேத்தியாத்தோப்பில் திறந்திருந்த ஒரே கடையில் சின்ன அளவுதான் இருந்தது. வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் தமிழ்மணி ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்தார். அழுகை வந்தது. சக்கரத்துக்காக அழுகிறோமே என்று வெட்கமும் வந்தது. மூன்று மாசமாகத் தேய்த்தாரே, கடைசி மூன்று மணி நேரம் காப்பாற்ற முடியவில்லையே!

"மூணு இருக்குல்ல? இல்லாத பக்கம் ஜனம் நிக்காம பாத்துக்கலாம்," என்றாள் அருள்மொழி.

"பல்லுப் போன வாயாட்டம் இருக்கும்மா. வேணாம்."

மீதி மூன்றையும் அவரே கழற்றி டிக்கியில் போட்டார். அருள்மொழி குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்ற, கறுப்பு ரிம்களைத் துணியால் துடைத்தார். துடைத்தால் துரு இன்னும் நன்றாகத் தெரிந்தது. சிதம்பரம் போய்ச் சேரும்வரை ஏசியும் இல்லை, பாட்டும் இல்லை.

ஊர்வலம் கிளம்புகிற பிள்ளையார் கோவில் வாசலில் பாண்டிச்சேரி கார் வந்து நின்றிருந்தது. திறந்த கார். மல்லிகையும் ரோஜாவுமாகத் தேர் மாதிரி இருந்தது. அதன் சக்கரங்களைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே தமிழ்மணி பார்த்தார். பளபளவென்று அலாய். அதற்குப் பின்னால் தன் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு மாமாவிடம் நேராகப் போனார்.

"மாமா, கப்பு போச்சி. உளுந்து மேல ஏத்திட்டேன். நீங்க அந்த வண்டியவே எடுத்துக்குங்க."

கோவிந்தசாமி கூடவே வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்று சுற்றினார். முன் சக்கரத்தருகே குனிந்து, நட்டில் சிக்கியிருந்த கொடியை உருவினார். ஒரு நெற்றை நசுக்கிப் பார்த்தார்.

"நம்ம ஊரு உளுந்தா?"

"ஆமா மாமா."

"காஞ்சது பத்தல. இன்னும் ஒரு நாளு போட்டுருக்கணும்." கொடியைக் கீழே போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "ஏன் மச்சான், இந்தச் சக்கரத்துக்காகவா இத்தினி நாளு போட்டோ போட்டோவா அனுப்புன?"

"நீங்கதான மாமா சக்கரத்தச் சரி பண்ணச் சொன்னீங்க?"

கோவிந்தசாமி அவர் கையைப் பிடித்து மேளக்காரர்களைத் தாண்டித் தனியாக அழைத்துப் போனார். எதையும் கூட்டிக் கழித்துப் பேசுகிற மனிதருக்கு அன்று வார்த்தை தடுமாறியது.

"சக்கரம் எப்பிடி இருந்தா எனக்கென்னா மச்சான்? பொண்ணு ஊட்டுக்காரங்க திருச்சிலேர்ந்து வந்துருக்காங்க. உன்ன யாருன்னு அவுங்களுக்குத் தெரியாது. வாடகை போர்டு, நீ முன்னாடி ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்துருக்க. எவனாச்சும் ஒருத்தன் 'டிரைவர், ஓரமாப் போடு'ம்பான். என் புள்ளையோட தாய்மாமன என் ஊட்டுக் கல்யாணத்துலயே ஒருத்தன் அப்பிடிச் சொல்லி நான் கேக்கணுமா? இத எப்பிடி உங்கிட்ட சொல்றது? அன்னிக்கி வாயில சக்கரந்தான் வந்துச்சி."

தமிழ்மணி நிமிர்ந்தார். "நான் டிரைவர்தான மாமா? அதுல என்னா கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்ல. மத்த நாளு. இன்னிக்கி நீ தாய்மாமன்." கையை நீட்டினார். "சாவியக் குடு."

"யாரு ஓட்டுறது?"

"சங்கத்து ஜீப்ப பதினெட்டு வருஷம் நான் ஓட்டல? நீ மாப்ளகூடப் பின்னாடி ஒக்காரு. அந்தப் பூக்காருல உங்க அக்காவும் பொம்பளைங்களும் வரட்டும். தொறந்த காரு வேணும்னு அவளுக்குத்தான் ரொம்ப நாளா ஆசை."

அப்புறம் எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. கார்த்திகேசன் கோட்டும் சூட்டுமாக வந்தான். அருள்மொழி அவன் நெற்றியில் திருநீறு பூசினாள். தாய்மாமன் மாலை போட்டார். மாப்பிள்ளை பூக்காரைத் தாண்டி வந்து, கறுப்புச் சக்கர வண்டியின் பின்கதவைத் திறந்து, "மொதல்ல நீங்க ஏறுங்க மாமா," என்றான். தமிழ்மணி ஏறினார். தன் காரின் பின்சீட்டில் அவர் அதுவரை ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. மெத்தென்று இருந்தது.

கோவிந்தசாமி பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். "ஸ்டார்ட்டு ஆவலியே மச்சான்."

"ஆயிடுச்சி மாமா. சத்தம் வராது."

"கிளச்சு?"

"கெடையாது மாமா. மெதுவா மிதிங்க. மெதுவா!"

வண்டி ஒரு குதி குதித்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பட்டாசு வெடித்தது, பிள்ளைகள் ஆடினார்கள், கார் ஊர ஆரம்பித்தது. கோவிந்தசாமியின் பட்டுச் சட்டை முதுகில் வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இடது கால் இல்லாத கிளட்சைத் தேடிக்கொண்டே இருந்தது. பின்னால் பூக்காரில் நின்றுகொண்டிருந்த ஞானாம்பாள் தெருவுக்கே கும்பிடு போட்டுக்கொண்டு வந்தாள். கார்த்திகேசன் தாய்மாமனின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். இவ்வளவு சந்தோஷத்தை ஒரே நேரத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் தமிழ்மணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மண்டபத்து வளைவில் வண்டி மறுபடி ஒரு குதி குதித்தது. பெண் வீட்டுப் பக்கத்திலிருந்து கழுத்தில் சால்வை போட்ட ஒரு பெரியவர் ஓடி வந்து பானெட்டை ஓங்கித் தட்டினார்.

"யோவ் டிரைவர்! பாத்து ஓட்டுய்யா, உள்ள மாப்பிள்ளை இருக்காரு!"

தமிழ்மணி சீட்டிலிருந்து எழப் போனார். "அவரு யாருன்னு..." என்று வாயெடுத்தார். கோவிந்தசாமி கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துத் தலையை அசைத்தார், வேண்டாம். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "சரிங்க," என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, வண்டியை இன்னும் மெதுவாக உருட்டினார்.